பழைய மூன்று மாடிக் கட்டடம் மகளிர் விடுதியாகிறது: பின்பக்கம் சுழல் படி போட்டால் போதுமா?

மாசிவீதிக் கட்டடம் (கேள்வி)

வணக்கம். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் உள்ள கட்டடம். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். 1974-ல் கட்டியது. செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது (கீழே 13½ அங்குலம், மேலே 9 அங்குலம்), தளங்கள் ஆர்.சி.சி. தளத்துக்குத் தளம் 10½ அடி. அகலம் 40 அடி, நீளம் 70 அடி.

கீழே ஒரு ஜவுளிக்கடையும் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையும் தொடரும். மேலே இதுவரை அலுவலகங்கள். இனி வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. தளத்துக்கு 9 அறை, அறைக்கு 3 கட்டில், ஆக 81 பேர்.

இருப்பது ஒரே படிக்கட்டு, வீதிப் பக்கம். அகலம் 3½ அடி, லேண்டிங்கும் (படிவரிசைகளுக்கு இடையே உள்ள சமதளம்) அதே அளவு. படிக்கு அடியில் எட்டு இ.பி. மீட்டர்கள். பிளாஸ்டிக் கடையின் பின்கதவு அந்தப் படி வழிக்குள்தான் திறக்கிறது. படிக்கட்டுக்கு வீதியைப் பார்த்து ஜாலி (காற்றுப் போகும் துளைச்சுவர்) உண்டு, ஆனால் புது முகப்புக்கு ஏ.சி.பி. ஷீட் (அலுமினியக் கலவைத் தகடு) அடித்தால் அது மறைந்துவிடும். கட்டடத்துக்குப் பின்னால் 10 அடி காலி இடம், அங்கிருந்து வீதிக்கு 4 அடிச் சந்து. நடு காரிடார் பின்சுவரில் 4 அடி ஜன்னலில் முடிகிறது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு மெஸ் கிச்சன் வைக்க உத்தேசம்.

ஒப்பந்ததாரர் 5 அடி விட்டத்தில் ரெடிமேட் சுழல் இரும்புப் படியைப் பின்பக்கம் நிறுத்தினால் ஃபயர் ஆபீஸில் ஒப்புக்கொள்வார்கள் என்கிறார். அது சரியா? முன்பக்கப் படியை அகலப்படுத்தியே ஆக வேண்டுமா?

தீப்பாதுகாப்பு ஆலோசகர்

சுழல் படி உங்கள் கட்டடத்துக்கு ஆகாது. என்.பி.சி. (தேசியக் கட்டட விதித்தொகுப்பு) 2016-ன் நான்காம் பகுதி சுழல் படியை 9 மீட்டர் உயரத்துக்குள் உள்ள, ஆள் குறைவான கட்டடங்களுக்கு மட்டுமே விடுகிறது. விட்டம் குறைந்தது 1.5 மீட்டர். உங்கள் 5 அடி விட்டம் தேறும், உயரம் தேறாது. மூன்றாம் மாடித் தரையே 31½ அடி, அதாவது 9.6 மீட்டர். விதியை விடுங்கள், மயங்கிய ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் திரும்பவே முடியாது. உள்ஓரத்தில் மிதிக்க இடமே இருக்காது.

அகலத்தைப் பற்றி ஒரு கணக்கு. என்.பி.சி. படிக்கட்டுக்கு ஆளுக்கு 10 மி.மீ. அகலம் கேட்கிறது. குடியிருப்பு வகைக்கு 12.5 சதுர மீட்டருக்கு ஒருவர் என்று எடுத்தால் உங்கள் 260 சதுர மீட்டர் தளத்தில் 21 பேர். நீங்கள் போடுவது 27 கட்டில், அதனால் கூடுதலான 27-ஐத்தான் எடுக்க வேண்டும். 27-ஐ 10-ஆல் பெருக்கினால் 270 மி.மீ.தான் வருகிறது. கொள்ளளவு பிரச்சினையே இல்லை. குறைந்தபட்ச அகலம் என்று தனியாக ஒன்று இருக்கிறது: வீடுகளுக்கு 1 மீட்டர், ஹோட்டலுக்கும் பெரும்பாலான பிற கட்டடங்களுக்கும் 1.5 மீட்டர். உங்களிடம் இருப்பது 1.07. விடுதியை வீடாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பாரம் தாங்கும் சுவர்களுக்கு நடுவே அதை 1.5 ஆக்குவது கட்டடத்தின் முன்பாதியை இடிப்பதற்குச் சமம். ஆகவே பழைய படியை அப்படியே வைத்து, அதைப் புகை புகாத கூண்டாக்கி, பின்னால் முழு அளவில் இரண்டாவது படி போடுங்கள். வரைபடத்தை வேலை தொடங்கும் முன்பே தீயணைப்பு அலுவலரிடம் காட்டிப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது படி ஏன் பின்னால்தான் வர வேண்டும் என்றால், உங்கள் காரிடாரில் முன்படியின் வாசலிலிருந்து பின்சுவர் வரை ஏறத்தாழ 17 மீட்டர் முட்டுச்சந்து, அதாவது வெளியேற வழியில்லாத நீளம். இந்த வகைக்கு என்.பி.சி. அனுமதிப்பது 15 மீட்டர். அந்தக் கடைசி ஜன்னல் கதவானதும் முட்டுச்சந்து தீர்ந்துவிடும்.

முன்படி பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மக்கள் பழக்கத்தில் ஓடுவது தினமும் ஏறி இறங்கும் படியை நோக்கித்தான். அதன் அடியில் மீட்டர் போர்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் சரக்கு. பிளாஸ்டிக் எரிந்தால் வரும் கரும்புகை கதவில்லாத படிக்கட்டு வழியாக மூன்று மாடியையும் சில நிமிடங்களில் நிரப்பிவிடும். 2019 மே 24-ல் சூரத் பயிற்சி மையத்தில் 22 பேர் இறந்த கட்டடத்தில் மேல்தளத்துக்கு இருந்த ஒரே மரப்படி எரிந்துபோனது, பிள்ளைகள் ஜன்னல் வழியே குதித்தார்கள். உங்கள் படி கான்கிரீட், எரியாது. ஆனால் புகை நிறைந்த கான்கிரீட் படியிலும் இறங்க முடியாது.

எனவே பிளாஸ்டிக் கடையின் பின்கதவைச் செங்கல் வைத்து 9 அங்குலத்துக்கு அடைத்து இரு பக்கமும் பூசுங்கள். ஷட்டரோ ஃபிளஷ் கதவோ அங்கே வேண்டாம். கடைக்காரர் பின்வாசல் கேட்டால் சந்துப் பக்கமும் கொடுக்காதீர்கள், அது உங்கள் இரண்டாவது படியிலிருந்து வெளியேறும் பாதை. மூன்று தளத்திலும் காரிடாருக்கும் படிக்கும் நடுவே 120 நிமிடத் தீக்கதவு. கதவு வெளியேறும் திசையில், அதாவது படிப் பக்கம் திறக்க வேண்டும். லேண்டிங் வெறும் 3½ அடி என்பதால் 1 மீட்டர் கதவு அங்கே திறந்தால் மேலிருந்து இறங்குகிறவர்களை மறித்துவிடும். கதவுச் சட்டத்தைக் காரிடாருக்குள் 1 மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி நிறுத்துங்கள். கதவு முழுதாகத் திறந்தாலும் லேண்டிங்கைத் தொடக் கூடாது.

படிக்கூண்டுக்கு ஒவ்வொரு லேண்டிங்கிலும், உச்சியிலும் 0.5 சதுர மீட்டர் திறப்பு வெளிக்காற்றுக்கு வேண்டும். உங்கள் பழைய ஜாலி அந்த வேலையைத்தான் இத்தனை வருடம் செய்துகொண்டிருந்தது. அதன் மேல் ஏ.சி.பி. அடித்தால் இயந்திரக் காற்றழுத்தம் (50 பாஸ்கல்) வைக்க வேண்டிவரும். விசிறி, ஜெனரேட்டர், பராமரிப்பு என்று அது தனிச் செலவு. மலிவான ஏ.சி.பி.யின் நடுவில் இருப்பது பாலிஎத்திலீன். ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுக்கும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14-ல் 72 பேர் இறந்ததில் இந்த வகை ஷீட்டுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கட்டடத்துக்கும் ஒரே படிதான். முகப்பை டெக்ஸ்சர் பூச்சோடு நிறுத்தி, ஜாலியை அப்படியே விடச் சொல்லுங்கள்.

மொட்டை மாடி கிச்சன் வேண்டாம். தகரக் கூரை போட்டால் அது அனுமதி பெறாத கூடுதல் தளமாகும். சிலிண்டர்களை தினமும் வெளியேறும் படி வழியாகவே ஏற்றுவீர்கள். மெஸ் வேண்டுமென்றால் தரைத்தளப் பின்பக்கத்தில், சந்திலிருந்தும் புதுப் படியிலிருந்தும் சுவரால் பிரித்து வையுங்கள். சிலிண்டர் வெளியே இருக்கட்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, அதனால் காற்றுத் துளைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

கட்டமைப்புப் பொறியாளர்

பின்பக்கப் படியின் அளவு உங்கள் 10 அடிக்குள் அடங்குகிறது. திறந்தவெளிப் படிக்கு என்.பி.சி. கேட்பது 1250 மி.மீ. அகலம், மிதி (கால் வைக்கும் இடத்தின் ஆழம்) 250, ஏற்றம் (ஒரு படியின் உயரம்) 190-க்கு மிகாமல், சாய்வு 45 டிகிரிக்கு மிகாமல், கைப்பிடி 1000 முதல் 1200 மி.மீ. உயரம். தள உயரம் 3200 மி.மீ. என்றால் 17 ஏற்றம், ஒவ்வொன்றும் 188 மி.மீ. முதல் ஓட்டத்தில் (இடை லேண்டிங் வரையிலான படிவரிசை) 9, இரண்டாவதில் 8. முதல் ஓட்டத்தின் கிடைநீளம் 8 மிதி, அதாவது 2 மீட்டர். இரு முனை லேண்டிங்கும் சேர்த்து 4.5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம். பின்சுவருக்கு இணையாகப் போடலாம். பக்கச் சந்தில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4 அடி என்பது 1220 மி.மீ., படியே கொள்ளாது, நடைபாதையும் போய்விடும்.

புதுப் படியைப் பழைய சுவரில் தொங்கவிடக் கூடாது. 50 வருடச் சுண்ணாம்பு அல்லது மெலிந்த சிமென்ட் கலவையில் கட்டிய செங்கலில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, ஆள் கூட்டமாக இறங்கும் அதிர்வில் உருவிக்கொண்டு வரும். தனித் தூண்கள், தனி அஸ்திவாரம். உள்பக்கத் தூண்களைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பழைய அஸ்திவாரத்தின் கல்வரியில் முட்டும், அதற்குக் கீழே தோண்டவும் கூடாது. தூணைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, லேண்டிங்கைச் சுவர் வரை நீட்டிக்கொள்ளுங்கள். ஓடுபலகைக்கு (படிகளைப் பக்கவாட்டில் தாங்கும் சாய்ந்த இரும்பு) 200 மி.மீ. சேனல், சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன் பாரத்துக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். மிதிக்கு 6 மி.மீ. செக்கர்டு பிளேட் போட்டால் மழைநீர் தேங்கி வெல்டிங் ஓரத்தில் முதலில் துரு பிடிக்கும். கால்வனைஸ் செய்த கிரேட்டிங் நல்லது. பிளேட்தான் என்றால் முன்பக்கம் லேசான வாட்டம் கொடுத்து, இரண்டு நீர்த்துளை விடுங்கள். லேண்டிங் உள்தரையைவிட 20 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் காரிடாருக்குள் வராது.

கதவுக்குச் சுவரை உடைக்க வேண்டாம். காரிடார் கடைசியில் 4 அடி ஜன்னல் இருக்கிறதே, அதன் லின்டல் (திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம்) அப்படியே இருக்கட்டும். ஜன்னலுக்குக் கீழ் உள்ள சுவரை மட்டும் அதே அகலத்தில் கட்டர் வைத்து வெட்டி எடுங்கள், சுத்தியல் அடி வேண்டாம். சட்டம் போக 1 மீட்டர் தெளிவான வழி கிடைக்கும். லின்டல் 7 அடியில் இருந்தால் உயரமும் 2 மீட்டர் தேறும். அரை அடி அகலப்படுத்தலாம் என்று கொத்தனார் ஆசைப்பட்டால் லின்டலின் தாங்குதளம் போய்விடும். மூன்று மாடிப் பாரம் அங்கே இறங்குகிறது.

இன்னொன்று, படியை ஒட்டிய 4.5 மீட்டர் நீளத்தில் உள்ள பின்அறை ஜன்னல்கள், பாத்ரூம் வென்டிலேட்டர்கள் எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அறை ஜன்னலிலிருந்து தீ நாக்கு நீட்டினால் இரும்புப் படி சூடாகிவிடும். 550 டிகிரிப் பக்கம் இரும்பு ஏறத்தாழ பாதி வலுவை இழக்கும், அதற்கு முன்பே கைப்பிடியைத் தொட முடியாது. அந்த அறைகளுக்குச் சந்துப் பக்கம் வெளிச்சம் எடுங்கள். ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை லேண்டிங்கில் மாட்ட விடாதீர்கள்.

பின் காலி இடம் செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம்) கணக்கில் வருவதால் திட்ட அனுமதி வரைபடத்தில் இந்தப் படி தெரிய வேண்டும். 18.30 மீட்டருக்குக் கீழ் என்பதால் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இது உயர்மாடிக் கட்டடம் இல்லை. ஆனால் அலுவலகம் விடுதியாவது பயன்பாட்டு மாற்றம், அதற்கு அனுமதி தேவை.

மாசிவீதிக் கட்டடம்

நன்றி சார். இரண்டு சந்தேகம். தீக்கதவு விலை அதிகம். 2 அங்குலத் தேக்குக் கதவில் இரும்புத் தகடு அடித்தால் போதாதா? இரண்டாவது, பெண்கள் விடுதி, இரவில் பின்கதவைப் பூட்டாமல் விட முடியாது என்கிறார் வார்டன். வெளி ஆள் ஏறி வந்துவிடுவான் என்ற பயம் நியாயமானதுதானே?

தீப்பாதுகாப்பு ஆலோசகர்

பயம் நியாயமானது, ஆனால் பூட்டு அதற்குத் தீர்வு இல்லை. பின்கதவில் பேனிக் பார் போடுங்கள். இடுப்பு உயரத்தில் குறுக்குத் தண்டு, உள்ளிருந்து உடம்பால் தள்ளினாலே திறக்கும். வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்காமல் வெறும் தகடாக விட்டுவிடுங்கள், வெளியிலிருந்து திறக்க வழியில்லை. கதவு திறந்தால் வார்டன் அறையில் அலறும் காந்த சென்சார் ஒன்று, படியைப் பார்த்து ஒரு கேமரா. சந்தின் வீதி முனை கேட்டுக்கும் இதே ஏற்பாடு. இந்த மூன்றும் இருந்தால் பாதுகாப்பு பூட்டைவிடக் கூடுதல். சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிடுவது, "வார்டனிடம் சாவி இருக்கும்" என்பது இரண்டும் வேண்டாம். புகையில் 27 பேர் வார்டனைத் தேட மாட்டார்கள். மொட்டை மாடிக் கதவும் அப்படியே, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

அறை ஜன்னல் கிரில்களில், வீதியைப் பார்க்கும் அறைகளிலாவது, 2 அடிக்கு 3 அடி அளவில் கீல் வைத்துத் திறக்கும் பகுதி விடுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம். வெல்டிங் வைத்து மூடிய கிரிலுக்குப் பின்னால் இருப்பவரைத் தீயணைப்பு வீரர் ஏணியில் வந்தும் எடுக்க முடியாது.

தேக்கு மேல் தகடு அடிப்பது வேலைக்காகாது. தகடு சூட்டை அப்படியே மரத்துக்குக் கடத்தும், அது வளையும்போது ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும், புகை அதன் வழியே போகும். தீக்கதவு என்பது பலகை மட்டும் இல்லை. சட்டம், பலகை, கீல், பூட்டு, குளோசர் (கதவைத் தானே மூடும் கருவி), சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை எல்லாம் சேர்த்து ஐ.எஸ். 3614 படி ஒன்றாகச் சோதித்த தொகுப்பு. பரிசோதனை அறிக்கையின் நகலையும் கதவில் ஒட்டிய தகட்டையும் வாங்கும்போதே சரிபாருங்கள்.

பொருத்தும்போதுதான் அதிகம் கெடுகிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே பியூ ஃபோம் (உப்பி நிரம்பும் பிளாஸ்டிக் நுரை) அடித்துவிட்டுப் போவார்கள், அது எரியும். சட்டத்தின் உள்குழியைச் சிமென்ட் கலவையால் நிரப்பச் சொல்லி நின்று பாருங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் 3 மி.மீ. இடைவெளி, அதற்கு மேல் போனால் பட்டை உப்பியும் அடைபடாது. பெயின்டர் அந்தப் பட்டை மேல் எனாமல் அடித்துவிடுவார், முன்பே மறைத்து டேப் ஒட்டுங்கள். குளோசரை, கதவை 10 டிகிரி மட்டும் திறந்து விட்டாலும் தானே போய்த் தாழ் விழும்படி திருகி வையுங்கள். பகலில் திறந்தே இருக்க வேண்டுமென்றால் மரக்கட்டை முட்டுக்கொடுக்கக் கூடாது. அலாரம் அடித்தால் விடுபடும் மின்காந்தப் பிடி போடுங்கள்.

வயரிங் காண்ட்ராக்டர்

மீட்டர்களைப் படியடியிலிருந்து எடுத்தே ஆகணும். என்.பி.சி. படிக்கூண்டுக்குள் மின்பலகை, கேஸ் குழாய் இரண்டையும் விடுவதில்லை. மின்வாரியத்தில் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்து, வீதிப்பக்க வெளிச்சுவரில் ஷெட் போட்ட பலகைக்கு மாற்றுங்க. சர்வீஸ் கேபிளும் படிவழியா வரக் கூடாது. காலியான இடத்தில் இன்வெர்ட்டர் பேட்டரியை வைக்கத் தோன்றும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அங்கே வேண்டாம். படியடியைச் செங்கல் வைத்து அடைச்சிடுங்க, அப்பதான் துடைப்பமும் பழைய மெத்தையும் வந்து சேராது.

1974 வயரிங் என்றால் மரப்பட்டியில் அலுமினியக் கம்பி இருக்கும். பாதியை வைத்துக்கொண்டு செம்புக் கம்பியோட முறுக்கிச் சேர்க்காதீங்க, அந்த இணைப்பு தளர்ந்து சூடாகும். முழுசா உருவிடுங்க. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்குத் தனித்தனியா 4 சதுர மி.மீ. ஒவ்வொரு அறைக்கும் தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் விழும் சுவிட்ச்), பிளக் பாயின்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் விழும் சுவிட்ச்). காரிடாரில் ஹாலஜன் இல்லாத, புகை குறைந்த கம்பி. மூணு பேர் அறைக்குக் கட்டிலுக்கு இரண்டு பாயின்ட் குறைந்தது கொடுங்க, இல்லாட்டி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் பெருகும். ஃபிரிட்ஜை காரிடாரிலோ படி வாசலிலோ வைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 12 அதிகாலை பெரியார் பேருந்து நிலையம் பக்கம் மகளிர் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடிச்சுத்தான் பெண்கள் இறந்தாங்க. தனிப் பிளக், சுவரோடு ஒட்டாமல், வெளியேறும் வழியிலிருந்து தள்ளி. ஸ்கூட்டர் சார்ஜிங்கும் சந்துக்குள் கூடாது.

தளத்துக்குத் தளம் போகும் கம்பி, குழாய்த் துளைகளை எல்லோரும் மறந்துடுவாங்க. பழைய அலுவலகத்தின் டெலிபோன் கேபிள், கழிவுக்குழாய்த் துளைகள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒளிஞ்சிருக்கும். சீலிங் அடிக்கும் முன்னாடி டார்ச் வைத்துப் பார்த்து, ராக்வுல் (எரியாத கனிம இழை) அடைத்து மேலே தீத்தடுப்புப் பூச்சு போடுங்க. 110 மி.மீ. பிவிசி குழாய் உருகினால் துளை அப்படியே திறந்துவிடும், அதுக்கு உப்பி அடைக்கும் காலர் தனியா இருக்கு. சீலிங் ஜிப்சமாக இருக்கட்டும், பிவிசி பேனல் காரிடாரில் அறவே வேண்டாம்.

அறைக்கு ஒரு புகை உணரி, கிச்சனில் வெப்ப உணரி. சைரன் காரிடாரில் மட்டும் வைத்தால் மூடிய கதவுக்குள் தூங்குபவருக்குக் கேட்காது, தலைமாட்டில் 75 டெசிபல் வரணும். உணரியின் அடிப்பகுதியிலேயே சைரன் உள்ள வகையை வாங்குங்க. அவசர விளக்கு இரண்டு படியிலும் காரிடாரிலும் ஒன்றரை மணி நேரம் நிற்கணும். பொருத்தின பிறகு மெயினை இறக்கிக் கடிகாரம் வைத்துப் பாருங்க, மலிவான பேட்டரி நாற்பது நிமிஷத்தில் மங்கிடும்.

தீப்பாதுகாப்பு ஆலோசகர்

வேலை வரிசை பற்றி ஒன்று. முதலில் பின்படியை முழுதாக முடியுங்கள், அதன் பிறகே முன்படியில் கை வையுங்கள். கீழே கடைகள் நடக்கும்போது மேலே ஆட்கள் வேலை செய்வார்கள், அவர்களுக்கும் இரண்டாவது வழி வேண்டும். பின்படி வெல்டிங் நடக்கும் நாட்களில் கடைகளின் சந்துப்பக்க வென்டிலேட்டர்களைத் தகடு வைத்து மூடுங்கள். பொறி உள்ளே விழுந்து ஜவுளியில் கனன்றால் இரவில்தான் பற்றும். அதனால் வெல்டிங்கை மாலை நான்கு மணிக்கு நிறுத்தி, கடை அடைக்கும் வரை ஒருவர் 6 கிலோ ஏ.பி.சி. அணைப்பானுடன் அங்கேயே இருக்கட்டும். பெயின்ட், தின்னர் டின்கள் எந்தப் படிவழியிலும் தங்கக் கூடாது.

தீக்கதவுக்கு ஆர்டர் கொடுப்பது பூச்சு முடிந்து இறுதித் திறப்பை அளந்த பிறகே. முன்பே கொடுத்தால் பூச்சு தடிமனில் அளவு மாறி, தளத்தில் வைத்துப் பலகையைச் சீவுவார்கள், சான்றிதழ் அங்கேயே செல்லாது.

விடுதி உரிமத்துக்கு 2014 பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். பின்படியின் தூண் இடங்களைக் குறித்த வரைபடம் இருந்தால் இங்கே போடுங்கள், சந்தோடு சேரும் இடத்தில் திருப்பம் எத்தனை அகலம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.